கோணிப்பை வேண்டாம்: பூனை, நாயைக் கொண்டுசெல்ல சரியான பெட்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சுங்கை சோவில் வளர்க்கும் பூனைக்கு உடம்பு சரியில்லை என்றால் பெரும்பாலும் ரவாங் பட்டணத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். தூரம் அதிகமில்லை. ஆனால் அந்தச் சில கிலோமீட்டரும் முதலாம் கூட்டரசுச் சாலையில் லோரிகளோடும் நெரிசலோடும் நண்பகல் வெயிலோடும் போக வேண்டிய தூரம். மடியில் துண்டு விரித்து உட்கார வைத்த பூனை, பக்கத்தில் ஒரு லோரி ஹாரன் அடித்தால் துள்ளிப் பாய்ந்துவிடும். பழக்கமில்லாத இடத்தில் ஓடி ஒளிந்த பூனை, வளர்த்தவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வெளியே வராது. பயத்தில் இருக்கும் பூனை சத்தமே போடாமல் ஒரே இடத்தில் பதுங்கிக் கிடப்பதுதான் வழக்கம்.

தோட்டத்து லயங்களில் பூனைக்கும் நாய்க்கும் பெட்டி என்ற ஒன்று தேவைப்பட்டதே இல்லை. நாய் வாசலில் கிடக்கும், பூனை அடுப்பங்கரைக்கும் கூரைக்கும் போய்வரும். எங்காவது கொண்டுபோக வேண்டும் என்றால் அரிசிக் கோணி, மீன் வாங்கப் போகும் ரோத்தான் கூடை, மீ பாக்கெட்டுகள் வந்த அட்டைப்பெட்டி என்று கையில் கிடைத்தது உதவியது. இப்போது நிலைமை வேறு. தடுப்பூசி, கருத்தடை, தாமான் வீட்டுக்கோ அடுக்குமாடிக்கோ குடிபெயர்வு, வெளியூரில் படிக்கும் பிள்ளையிடம் பூனையைக் கொண்டுபோய் விடுவது என்று பிராணிகளின் பயணம் கூடிவிட்டது. பெட்டி மட்டும் பல வீடுகளில் இன்னும் கோணியாகவே இருக்கிறது.

கோணியில் என்ன குறை?

கோணியில் காற்று வராது என்பது ஒரு பாதிதான். நெய்த கோணியில் ஓரளவு காற்று போகும். ஆனால் உள்ளே இருக்கும் பூனையால் நிற்க முடியாது. சாக்கு அதன் முகத்தோடு ஒட்டிக்கொள்ளும், சிறுநீர் கழித்தால் துணி நனைந்து அந்தக் கொஞ்சக் காற்றும் அடைபடும். மோட்டார் சைக்கிளின் முன்னால் தொங்கவிட்டால் கால்மாட்டில் இஞ்சின் சூடும் சேரும். உர மூட்டைக்கும் பூச்சிமருந்துக்கும் பயன்பட்ட பிளாஸ்டிக் சாக்கு இன்னும் மோசம். பூனை தன் உடம்பை நக்கித்தான் சுத்தம் செய்யும். சாக்கிலிருந்து உரோமத்தில் ஒட்டும் மருந்து நேராக அதன் வயிற்றுக்குள் போய்விடும்.

அட்டைப்பெட்டிக்கும் இதே கதைதான். காய்ந்திருக்கும்போது தாங்கும், அடிப்பாகம் நனைந்தவுடன் பிய்ந்துபோகும். பெரும்பாலும் கிளினிக் வாசலில், ஒரு கையில் பெட்டியைப் பிடித்து மறு கையால் கதவைத் தள்ளும்போதுதான் அது பிய்யும்.

முதலில் பிராணியை அளக்க வேண்டும்

கடைகளில் பெட்டிகள் சிறியது, நடுத்தரம், பெரியது என்று அடுக்கப்பட்டிருக்கும். ஒரு நிறுவனத்தின் நடுத்தரம் இன்னொரு நிறுவனத்தின் சிறியதாக இருக்கலாம். 'இத்தனை கிலோ வரை' என்ற குறிப்பையும் முழுதாக நம்ப முடியாது. நான்கு கிலோ எடையுள்ள இரண்டு பூனைகளில் ஒன்று நீளமாகவும் மற்றொன்று உருண்டையாகவும் இருக்கும். ஆகவே தையல்கடை அளவுநாடாவோடு பிராணியை நிற்க வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போவதே சரி.

விமானங்களில் பிராணிகளை ஏற்றுவதற்கு அயாட்டா எனப்படும் அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. கார் பயணத்துக்கு அது கட்டாயமில்லை. ஆனாலும் இதைவிடத் தெளிவான கணக்கு இல்லை என்பதால் வீட்டுக்கு வாங்குபவர்களும் அதைப் பின்பற்றலாம். நான்கு அளவுகள் வேண்டும். ஒன்று, மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை உள்ள நீளம். வாலைச் சேர்க்கக் கூடாது. இரண்டு, தரையிலிருந்து முன்னங்கால் முழங்கை மூட்டு வரை உள்ள உயரம். மூன்று, தோள்பட்டையின் அகலம், அல்லது உடம்பில் எது அதிக அகலமோ அது. நான்கு, இயல்பாக நிற்கும்போது தரையிலிருந்து தலையின் உச்சி வரை. காது தலைக்கு மேல் நிமிர்ந்திருந்தால் காது நுனி வரை.

பெட்டியின் உள்நீளம், முதல் அளவோடு இரண்டாவது அளவில் பாதியைக் கூட்டினால் வருவது. உள்ளகலம், மூன்றாவது அளவின் இரண்டு மடங்கு. உயரம், நான்காவது அளவோடு அடியில் விரிக்கும் துணியின் தடிமன். எடுத்துக்காட்டாக 45 சென்டிமீட்டர் நீளமும், 15 சென்டிமீட்டர் முழங்கை உயரமும், 15 சென்டிமீட்டர் தோள் அகலமும், 35 சென்டிமீட்டர் நின்ற உயரமும் உள்ள பூனைக்கு உள்ளளவில் சுமார் 53 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 35க்குச் சற்று மேல் உயரம் தேவை. நீளம் 65, முழங்கை 30, தோள் 20, உயரம் 60 என்று இருக்கும் நாட்டு நாய்க்கு 80 நீளம், 40 அகலம், 60க்கு மேல் உயரம் வேண்டும். வீட்டில் உள்ள கார் சிறியதாக இருந்தால் இந்தப் பெட்டி பின்கதவு வழியாக உள்ளே போகுமா என்பதையும் வாங்குவதற்கு முன்பே அளந்து பார்க்க வேண்டும். வாங்கி வந்த பிறகு காருக்குள் போகாமல் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்களும் உண்டு.

அளவு என்றால் பெரியதே நல்லது என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. பெட்டி மிகப் பெரியதாக இருந்தால், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பிராணி உள்ளே உருண்டு சுவரில் மோதும். எழுந்து நிற்க, திரும்ப, படுக்க இடம் இருந்தால் போதும். ஓடியாட இடம் வேண்டியதில்லை. குட்டியாக இருக்கும்போது வாங்கினால், வளர்ந்த பிறகு எவ்வளவு இருக்கும் என்று பார்த்து வாங்கி, அதுவரை உள்ளே சுருட்டிய துண்டை வைத்து இடத்தைக் குறைக்கலாம்.

எந்த வகை?

கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிதான் பொதுவான வீட்டுத் தேவைக்கு ஏற்றது. கழுவலாம், உடையாது, பக்கங்கள் மூடியிருப்பதால் பூனைக்கு ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கிறது. வாங்கும்போது இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, முன்கதவு மட்டுமல்லாமல் மேலேயும் ஒரு கதவு இருக்கிறதா என்பது. பயந்த பூனையை முன்கதவு வழியாக உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதும்தான் கீறல்களுக்குக் காரணம். மேல்கதவு இருந்தால் இறக்கி வைக்கலாம், தூக்கி எடுக்கலாம். இரண்டாவது, மேல்பாதியைக் கழற்ற முடிகிறதா என்பது. கழற்றக்கூடிய பெட்டியாக இருந்தால் மருத்துவர் பூனையை வெளியே எடுக்காமல் கீழ்ப்பாதியில் உட்கார வைத்தபடியே பரிசோதிக்கலாம். அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கமும் இந்த வகையைத்தான் பரிந்துரைக்கிறது.

பூட்டைக் கடையிலேயே சோதிக்க வேண்டும். கதவை மூடி, பெட்டியைத் தூக்கி, கைப்பிடியைப் பிடித்து இரண்டு முறை உதறிப் பார்த்தால் தெரிந்துவிடும். மலிவான பெட்டிகளில் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் சேர்க்கும் பிளாஸ்டிக் கொக்கிகள் ஒன்றிரண்டு மாதத்தில் தளர்ந்துவிடும். அப்போது கைப்பிடியோடு மேல்பாதி மட்டும் கையில் வரும். பூனையோடு கீழ்ப்பாதி தரையில் விழும். வாங்கிய பெட்டி அப்படிப்பட்டதாக இருந்தால் தூக்கி எறிய வேண்டியதில்லை. நான்கு பக்கமும் கேபிள் டை போட்டுக் கட்டினால் போதும்.

கம்பிக் கூண்டு நம் பகுதிகளில் அதிகம் காணப்படுகிறது. காற்று நன்றாக வரும். அதே சமயம் நாலாபக்கமும் திறந்திருப்பதால் பூனைக்குப் பதற்றம் கூடும். மேலே ஒரு துணியைப் போர்த்த வேண்டும், ஒரு பக்கம் திறந்தபடி. கம்பித் தரையில் கால் சிக்காமல் இருக்க அட்டையோ பழைய பாயோ விரிக்க வேண்டும். கம்பி முனைகள் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கூண்டு வேண்டவே வேண்டாம்.

துணிப்பை வகை இலேசானது, சாதுவான சிறிய பூனைக்கும் சிறிய நாய்க்கும் சரிவரும். கடிக்கிற, பிறாண்டுகிற பிராணிக்குச் சரிவராது. ஜிப்பைத் தலையாலேயே தள்ளித் திறக்கும் பூனைகள் உண்டு. இரண்டு ஜிப்புகளையும் சேர்த்து மாட்டும் கொக்கி இருக்கும் பையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

முதுகில் மாட்டும் பையில் கண்ணாடிக் குமிழ் வைத்து, பூனை அதன் வழியே எட்டிப் பார்ப்பது போல ஒரு வகை இணையக் கடைகளில் அதிகம் விற்கிறது. படத்தில் அழகாக இருக்கும். நம் வெயிலுக்கு இது ஏற்றதே அல்ல. அந்தப் பிளாஸ்டிக் குமிழ் வெயிலை உள்ளே விட்டு, சூட்டை வெளியே விடாமல் அடைத்துவிடும். அதை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போவது பூனையைச் சூடான கண்ணாடிப் பானைக்குள் வைப்பதற்குச் சமம். வாங்கிவிட்டவர்கள் குமிழைக் கழற்றி வலைத்துணி மூடியை மாட்டினால் ஓரளவு பயன்படும்.

சூடுதான் முதல் எதிரி

நாய் மூச்சிரைத்துத்தான் தன் உடம்புச் சூட்டைக் குறைக்கும். பூனையும் நாயும் பாதங்களில் மட்டுமே சிறிதளவு வியர்க்கும். சுற்றியுள்ள காற்றே சூடாகவும் ஈரமாகவும் இருந்தால் மூச்சிரைத்தும் பயனில்லை. நாய் மூச்சிரைப்பது சாதாரணம். பூனை வாயைத் திறந்து மூச்சிரைத்தால் அது அபாய அறிகுறி. உடனே நிழலுக்கும் குளிர்ச்சிக்கும் கொண்டுபோய், மருத்துவரிடம் பேச வேண்டும்.

நிறுத்திய கார் எவ்வளவு விரைவில் சூடாகும் என்பதை 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று அளந்து காட்டியது. ஒரு மணி நேரத்தில் காரின் உள்வெப்பம் சராசரியாக 22 பாகை செல்சியஸ் ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்ததும் பெரிதாக உதவவில்லை. அதாவது வெளியே 32 பாகை இருக்கும் ஒரு நண்பகலில், பெட்டியைக் காரில் வைத்துவிட்டு வங்கிக்குள் ஓடிப் போய் வருவதற்குள் உள்ளே உயிருக்கு ஆபத்தான சூடு வந்துவிடும். 'ஐந்தே நிமிடம்' என்று இறங்கியவருக்கு வரிசையில் நிற்கும்போது நேரம் தெரியாது.

ஆகவே பெட்டியின் காற்றுத் துளைகள் எத்தனை பக்கம் இருக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். முன்கதவில் மட்டும் துளை இருந்தால் போதாது. இரண்டு நீளப் பக்கங்களிலும் பின்பக்கத்திலும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் காரின் இருக்கையோடு ஒட்டிக்கொண்டாலும் மற்ற பக்கங்கள் வழியாகக் காற்று வரும். பாரசீகப் பூனை, பக் நாய், பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு வகைகளுக்கு மூச்சுக்குழாயே குறுகலாக இருப்பதால் சூட்டை இவை கொஞ்சமும் தாங்காது. இவற்றுக்குப் பெட்டி எல்லா அளவிலும் பத்து விழுக்காடு பெரியதாக இருக்க வேண்டும் என்று அயாட்டா சொல்கிறது.

பெட்டி சரியாக இருந்தும் வைத்த இடம் தவறானால் என்ன ஆகும் என்பதற்கு 2018 மார்ச்சில் உலகமே பேசிய ஒரு சம்பவம் உண்டு. அமெரிக்காவின் யுனைடெட் விமானத்தில் ஹூஸ்டனிலிருந்து நியூயார்க்குக்குப் போன ஒரு குடும்பம், கோகிட்டோ என்ற பத்து மாத பிரெஞ்சு புல்டாக் நாயை விமானத்துக்குள் அனுமதிக்கப்பட்ட பையில்தான் கொண்டுபோனது. பணிப்பெண் அந்தப் பையைத் தலைக்கு மேல் உள்ள சாமான் அலமாரியில் வைக்கச் சொன்னார். விமானம் இறங்கியபோது நாய் உயிரோடு இல்லை. காரின் பூட்டுக்குள், அதாவது பின்னால் சாமான் வைக்கும் அறைக்குள் கூண்டை வைத்து மூடுபவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

காரில் எங்கே வைப்பது?

முன் இருக்கை சரியான இடமல்ல. காற்றுப்பை விரிந்தால் பெட்டி நொறுங்கும். சிறிய பெட்டிக்குப் பாதுகாப்பான இடம், முன் இருக்கைக்குப் பின்னால் உள்ள தரை. அங்கே அது நகராது, உருளாது, வெயிலும் குறைவு. குளிர்சாதனக் காற்று அங்கே வருகிறதா என்று கையை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெட்டியை இருக்கையில் வைத்து பெல்ட்டைச் சுற்றிக் கட்டுவது நல்லது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அமெரிக்காவில் செல்லப்பிராணிப் பாதுகாப்பு மையம் என்ற அமைப்பு, 2015இல் சுபாரு கார் நிறுவனத்தின் உதவியோடு பெட்டிகளை வைத்து மோதல் சோதனை நடத்தியது. பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்யப்பட்ட பெட்டிகளிலும் சில மட்டுமே தேறின. மோதலுக்கென்று சோதிக்கப்படாத சாதாரணப் பிளாஸ்டிக் பெட்டியைப் பெல்ட் இறுக்கிப் பிடித்தால், மோதும் வேகத்தில் பெல்ட்டே பெட்டியை நசுக்கிவிடக்கூடும். எனவேதான் தரை நல்லது.

மோட்டார் சைக்கிளில்

தோட்டத்து வீடுகளில் பல இடங்களில் கப்சாய் மோட்டார்தான் குடும்ப வண்டி. பிராணியை மோட்டாரில் கொண்டுபோகவே கூடாது என்று எழுதிவிட்டுப் போவது எளிது. யாரும் பின்பற்றப் போவதில்லை. இருவர் போவதே முறை. ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் இடையில் கெட்டிப் பெட்டி இருக்க வேண்டும், பின்னால் இருப்பவர் அதை இரண்டு கையாலும் பிடித்திருக்க வேண்டும். கதவு பின்னால் இருப்பவரின் உடம்பைப் பார்த்தபடி இருந்தால், பூட்டு திறந்தாலும் பூனை சாலையில் குதிக்க முடியாது. முன்கூடையில் பெட்டியை நிறுத்தி ரப்பர் கயிற்றால் கட்டுவது வழக்கமாக இருக்கிறது. தோட்டச் சாலையின் பள்ளங்களில் ரப்பர் கயிறு கழன்று போவதும் வழக்கம்தான்.

நேரமும் முக்கியம். காலை பத்து மணிக்கு முன்போ, மாலை ஐந்துக்குப் பின்போ கிளினிக்கில் நேரம் வாங்கிக்கொள்ளலாம். மழைக்குப் பெட்டியை மூட பிளாஸ்டிக் பையைப் போர்த்தக் கூடாது. மழைச்சட்டையை மேலே மட்டும் விரித்து, பக்கங்களைத் திறந்து விட வேண்டும். மழை பலமாக இருந்தால் பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கி நிற்பதுதான் நல்லது.

பெரிய நாய்க்கு மோட்டாரில் இடமே இல்லை. லோரியின் அல்லது நான்கு சக்கர வண்டியின் பின்தட்டில் சங்கிலியால் கட்டி நிறுத்திக் கொண்டுபோவதும் ஆபத்தானது. நாய் விளிம்பைத் தாண்டிக் குதித்தால் கழுத்துச் சங்கிலியில் தொங்கும். கூண்டில் வைத்து, கூண்டைத் தட்டின் நான்கு முனைகளிலும் கயிற்றால் கட்டி, நிழலுக்கு மேலே ஏதாவது போட வேண்டும். கார் கிடைத்தால் பின் இருக்கையில் மார்புப் பட்டை மாட்டி உட்கார வைக்கலாம். கழுத்துப் பட்டையோடு காரின் பெல்ட்டை இணைக்கக் கூடாது. மின்கூப்பீட்டு வாகனங்களில் சாதாரணப் பயணத்துக்குப் பிராணியோடு ஏறினால் ஓட்டுநர் மறுக்கலாம். கிரேப் செயலியில் பிராணிகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது; அந்த நேரத்தில் அந்த இடத்துக்கு வண்டி காட்டுகிறதா என்று முன்கூட்டியே பார்த்துவைப்பது நல்லது.

பெட்டிக்குள் போக மறுக்கும் பூனை

பெட்டியை வருடம் முழுதும் ஸ்டோரில் தூசியோடு போட்டுவிட்டு, ஊசி போடும் நாளில் மட்டும் வெளியே எடுத்தால், பெட்டியைக் கண்டதும் பூனை அலமாரிக்குப் பின்னால் போய்விடும். அதன் கணக்கில் பெட்டி என்றால் ஊசி. வியன்னாவில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 22 பூனைகளை எடுத்து, பாதிப் பூனைகளுக்கு மட்டும் தீனி கொடுத்துப் பெட்டியைப் பழக்கினார்கள். ஆறு வாரங்களில் பழகிய பூனைகள், பழகாதவற்றைவிடக் காரில் குறைவாகப் பதறின. மருத்துவரின் பரிசோதனையும் அவற்றுக்கு விரைவாக முடிந்தது. 2018இல் அந்த ஆய்வு வெளியானது.

வீட்டில் செய்ய வேண்டியதும் அதுவேதான். பெட்டியின் மேல்பாதியைக் கழற்றிவிட்டு, கீழ்ப்பாதியில் அது வழக்கமாகப் படுக்கும் பழைய கைலியை விரித்து, ஹாலில் ஒரு மூலையில் போட்டுவைக்க வேண்டும். தினமும் ஒரு துண்டு கெம்போங் மீனோ, பிஸ்கட்டோ உள்ளே வைக்கலாம். பூனை தானாகப் படுக்கத் தொடங்கிய பிறகு மேல்பாதியை மாட்டலாம். பிறகு கதவை. பிறகு ஒரு நிமிடம் மூடிப் பார்க்கலாம். துவைத்த துணியைவிட, வீட்டு வாசனை உள்ள துணியே நல்லது.

பயண நாளில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு முன் சாப்பாட்டை நிறுத்தினால் வாந்தி குறையும். தண்ணீரை நிறுத்தக் கூடாது. தூங்க வைக்கலாம் என்று வீட்டில் இருக்கும் மனிதர் மருந்தைக் கொடுப்பது பெரும் தவறு. குறிப்பாகப் பாராசிட்டமோல் பூனைக்குக் கொடிய நஞ்சு. அரை மாத்திரைகூட உயிரை எடுக்கும். அமைதிப்படுத்தும் மருந்து தேவை என்றால் அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு பூனைகள் இருந்தால் இரண்டு பெட்டிகள். வீட்டில் ஒன்றாகப் படுப்பவையும் பயத்தில் ஒன்றையொன்று கடித்துவிடும்.

பழைய பெட்டியை வாங்கினால்

புதுப் பெட்டி விலை என்று தயங்குபவர்கள் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கலாம், பழையதை வாங்கலாம். தவறில்லை. ஆனால் நாய்களைத் தாக்கும் பார்வோ கிருமியும், பூனைகளின் வெள்ளணுக்களை அழிக்கும் அதன் உறவுக் கிருமியும் வெளியே பல மாதங்கள் உயிரோடு இருக்கும். சவர்க்காரத்தால் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊற வைத்து, நன்றாக அலசி வெயிலில் காய வைக்க வேண்டும். தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகள் பூனைக்கு ஆகாது. வீட்டில் தரை துடைக்க அது பழக்கம் என்றாலும் பூனையின் பெட்டிக்கு வேண்டாம்.

பெட்டியே இல்லாமல் அவசரம் வந்துவிட்டால், துணி கூடை இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றி ஆறு ஏழு இடங்களில் கயிறோ கேபிள் டையோ போட்டுக் கட்டினால் அது கோணியைவிட எவ்வளவோ மேல்.

முயலுக்கும் கெட்டிப் பெட்டியே ஏற்றது, சூட்டை அது பூனையைவிடக் குறைவாகவே தாங்கும். கிளிக்குச் சிறிய கூண்டு போதும். உள்ளே ஆடும் ஊஞ்சல், தண்ணீர்க் கிண்ணம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, துணியால் இருட்டாக்க வேண்டும்.

வீடு மாறும்போது

வட சிலாங்கூரில் தோட்டத்தை விட்டு வெளியேறும் குடும்பங்கள் இன்றும் உண்டு. பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் நீண்ட கால வீட்டுப் பிரச்சினை வாசகர்கள் அறிந்ததே. வீடு கிடைத்துப் போகும் நாளில் சாமான் லோரியில் ஏறிவிடும். பூனை ஏறாது. லோரிச் சத்தத்தில் செம்பனைக் காட்டுக்குள் போன பூனைக்காக லோரி காத்திருக்காது. லயத்தில் ஆள் இல்லாத வீடுகளைச் சுற்றி எலும்பும் தோலுமாகக் கிடக்கும் நாய்களும் பூனைகளும் எல்லாம் வேண்டாம் என்று விடப்பட்டவை அல்ல. பிடித்துப் போகப் பெட்டி இல்லாமல் விடப்பட்டவையும் அவற்றில் உண்டு.

எனவே பெட்டியை வீடு மாறுவதற்கு ஒரு மாதம் முன்பே வாங்கிப் பழக்க வேண்டும். மாறும் நாளின் முந்தின இரவே பூனையை ஓர் அறையில் பூட்டி, அந்த அறைச் சாமானைக் கடைசியாக ஏற்ற வேண்டும். புது வீட்டில் பெட்டியைத் திறந்து வைத்தபடி ஓர் அறைக்குள்ளேயே சில நாள் வைத்திருந்து, குறைந்தது இரண்டு மூன்று வாரங்களுக்கு வெளியே விடாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பூனை பழைய வீட்டைத் தேடி நடக்கும். புது இடத்தில் நாய் வளர்க்க ஊராட்சியின் உரிமம் தேவையா, அடுக்குமாடியில் அனுமதி உண்டா என்பதையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

சட்டமும் தூரப் பயணமும்

நாட்டில் 2015ஆம் ஆண்டு விலங்கு நல்வாழ்வுச் சட்டத்தின்கீழ் பிராணிக்குக் கொடுமை இழைத்த குற்றத்துக்கு 20,000 வெள்ளிக்குக் குறையாமலும் 100,000 வெள்ளிக்கு மேற்போகாமலும் அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 'என் பூனை, என் கோணி' என்ற வாதம் அங்கே எடுபடாது.

சபா, சரவாக் அல்லது வெளிநாடு போவதென்றால் பெட்டி மட்டும் போதாது. கால்நடைச் சேவை இலாகாவின் சுகாதாரச் சான்றிதழ், மெக்கிஸ் எனப்படும் தனிமைப்படுத்தல், பரிசோதனைச் சேவை இலாகாவின் அனுமதி ஆகியவை வேண்டும். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும் 2017இல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் பரவியதிலிருந்து நாய்களை இடம் மாற்றுவதில் கட்டுப்பாடு கூடியிருக்கிறது. விமான நிறுவனங்கள் அயாட்டா அளவுப்படி பெட்டியைப் பார்க்கும். சக்கரம் இருந்தால் கழற்றச் சொல்லும், தண்ணீர்க் கிண்ணத்தை வெளியிலிருந்தே நிரப்ப முடிகிறதா என்று பார்க்கும், பிளாஸ்டிக் கொக்கிகளுக்குப் பதில் திருகாணி கேட்கும். எட்டு வாரம் நிறையாத குட்டிகளை ஏற்றக் கூடாது என்பது விதி. பெட்டி சரியில்லை என்று விமான நிலையத்தில் திருப்பி அனுப்பினால் அன்றைய பயணமே போய்விடும். அதனால் பயணச் சீட்டு எடுக்கும்போதே பெட்டியின் அளவைச் சொல்லிக் கேட்டுவிட வேண்டும்.

பெட்டியின் மேல் பிராணியின் பெயரையும் சொந்தக்காரரின் கைப்பேசி எண்ணையும் அழியாத மையில் எழுதி ஒட்ட வேண்டும். எழுதும்போது இரண்டு எண்களை எழுதுவது நல்லது. ஒன்று கூடவே பயணம் செய்பவருடையது, மற்றொன்று வீட்டில் இருப்பவருடையது.